வண்டி ஒன்று, வைத்தியர் நூறு

கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி 800 காலையில் ஒரே சாவியில் கிளம்பி, தெருமுனை தாண்டுவதற்குள் உயிரை விட்டால், பெங்களூரில் வைத்தியர்களுக்குப் பஞ்சமே இல்லை. பால் வாங்க வந்தவர் 'பிளக்' என்பார். அபார்ட்மெண்ட் செக்ரட்டரி 'பேட்டரி' என்பார். பேட்டரிதான் செய்யவேண்டியதைச் செய்துவிட்டதே, சார்! ஐ.டி. பையன், அணைத்துவிட்டுத் திரும்பப் போடச் சொல்வான். கம்ப்யூட்டருக்கும் அதே கஷாயம்தான். மெக்கானிக் மட்டும் வாய் திறக்காமல், ஜே.சி. ரோட்டில் வாங்கவேண்டிய சாமான்களுக்குப் பட்டியல் எழுதுவார்.

கார்புரேட்டர் தொட்டியில் மிச்சமிருக்கும் பெட்ரோலிலேயே எஞ்சின் சற்று நேரம் ஓடும். பம்ப்பின் டயாஃப்ரம் கிழிந்திருந்தால், அது தீர்ந்ததும் அடங்கிவிடும். சோக்கை உள்ளே தள்ளியதும் நின்றால், ஸ்லோ ஜெட்டில் அடைப்பா என்று பார்க்க வேண்டும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு, பழைய ரப்பர் ஓஸும் சந்தேகக் கேஸ்தான். டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைத்தாலும் வண்டி திணறும். ஆனால் மூடியைத் திறந்து பார்க்கப் பில் போட முடியாதே!

சில்க் போர்டு சிக்னலில் நின்றுபோனால் மட்டும் ஒரு சௌகரியம். வண்டி அணைந்துவிட்டது என்று பின்னால் இருப்பவர் கண்டுபிடிக்கவே அரை மணி ஆகும்.