பாட்டிலுக்குள் சூனியக்காரி

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

அவர்களிடம் இருப்பவை 5 லட்சத்துக்கும் மேல். ஒன்றுக்கு ஒரு நிமிஷம் என்றால், ராப்பகலாகக் கிட்டத்தட்ட ஒரு வருஷம்! நல்லவேளை, எல்லாவற்றையும் வெளியே வைக்கவில்லை. கட்டணமும் கிடையாது.

நாடுவாரியாகப் பிரிக்காமல், பூட்டோடு பூட்டு, படகோடு படகு என்று அடுக்கியிருக்கிறார்களாமே?

1884-இல் தன் சேகரிப்பைக் கொடுத்த ஜெனரல் பிட் ரிவர்ஸின் யோசனை அது. மனித குலம் படிப்படியாக ‘நாகரிகம்’ அடைந்ததைக் காட்ட நினைத்தார். பூட்டு வரிசையைப் பார்த்தால் தெரிவதோ வேறு: திருட்டுப் பயத்தில் எல்லா நாடும் சமம்!

பாட்டிலுக்குள் ஒரு சூனியக்காரி அடைபட்டிருக்கிறாளாமே, எந்த நாட்டு மூடநம்பிக்கை?

கப்பலேறித் தேட வேண்டாம், இங்கிலாந்தேதான். 1915 வாக்கில் சசெக்ஸ் பகுதி மூதாட்டி ஒருவரிடமிருந்து கிடைத்தது. திறந்தால் தொல்லை என்று எச்சரித்துத்தான் கொடுத்தாராம்.

சுருக்கிய மனிதத் தலைகளை 2020-இல் காட்சியிலிருந்து எடுத்துவிட்டார்களே, ஏமாற்றமாக இல்லையா?

உங்கள் கொள்ளுத் தாத்தாவின் தலை கண்ணாடிப் பெட்டியில் இருந்தால், வரிசையில் நின்று பார்ப்பீர்களா?