மூன்று கட்டுரையும் ஒரு கலைமானும்

கேள்வி: ஹாரி பாட்டர் வரிசையில் நாவலை விஞ்சிய படம் உண்டா?

பதில்: விஞ்சியது இல்லை. தோளோடு தோள் நிற்பது ஒன்று உண்டு: 2004இல் வந்த மூன்றாம் படம், அஸ்கபான் கைதியின் கதை. மெக்சிகோ இயக்குநர் அல்ஃபோன்சோ குவாரோன், மூன்று இளம் நடிகர்களிடமும் அவரவர் பாத்திரம் பற்றிக் கட்டுரை கேட்டார். ஹெர்மயனியாக நடித்த எம்மா வாட்சன் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார். ஹாரியாக நடித்த டேனியல் ராட்கிளிஃப் ஒரே பக்கத்தில் முடித்துக்கொண்டார். ரானாக நடித்த ரூபர்ட் கிரின்ட் கொடுக்கவே இல்லை. அந்தந்தப் பாத்திரமும் அப்படியேதான் செய்திருக்கும்; புரிந்துகொண்டதற்கு மூவருக்கும் நூற்றுக்கு நூறு!

ஒரு குறைதான் எனக்கு ஆறவில்லை. கதையில் வரும் மாய வரைபடத்தை உருவாக்கிய நால்வர் யாரென்று படம் சொல்லவே இல்லை. அவர்களில் ஒருவர் ஹாரியின் அப்பா ஜேம்ஸ், கலைமானாக உருமாறக்கூடியவர். ஏரிக்கரையில் ஹாரியின் மந்திரத்தில் கலைமான் எழுந்து வரும்போது நாவல் படித்தவருக்குத் தொண்டை அடைக்கும். படம் மட்டும் பார்த்தவருக்கு அது அழகான மான், அவ்வளவுதான். இரண்டு வசனம் போதுமாயிருந்திருக்கும். நீங்கள் படம் மட்டும் பார்த்தவரென்றால், 1999இல் வெளியான நாவலை இன்றே கையில் எடுங்கள்.