இந்த மான் எத்தனை அடி?

ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கத்தில் முப்பது வருஷம் தோலைத் தடவித் தடவியே உள்ளங்கை வழுவழுத்துப்போன ஒரு வகை மனிதர் உண்டு. டேனரி மேஸ்திரியாக இருக்கலாம். ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசராக இருக்கலாம். கமிஷனுக்குத் தோல் பிடித்துக் கொடுப்பவராகவும் இருக்கலாம். நமக்கு அவர் தோல்காரர். சர்க்கரை ஏறி, "தினமும் அரைமணி நேரம் லேசா நடங்க" என்று டாக்டர் சொன்ன அன்றுதான் இவருக்கு இயற்கை மேல் ஆசை பிறக்கும். ஊருக்குள் நடந்தால் நாலு எட்டுக்கு ஒரு டீக்கடை, எட்டுக்கு ஒரு பாக்கிக்காரர். காடுதான் தோது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை அமிர்திக்குப் பயணம். ஆம்பூரிலிருந்து வேலூருக்கு சுமார் 50 கிலோமீட்டர், அங்கிருந்து கணியம்பாடி வழியாக இன்னும் 25. அரைமணி நடைக்கு மூன்று மணி நேரம் காரில் உட்கார்ந்து போய் வருவதில் அவருக்கு எந்த முரணும் தெரியாது. பின்சீட்டில் ஒரு தேக்சா சீரகச்சம்பா பிரியாணி, தனி டப்பாவில் கத்தரிக்காய், தயிர்ப் பச்சடி. "சும்மா சாஸ்திரத்துக்குத்தான், நடந்தா பசிக்கும்ல."

ஜவ்வாது மலையடிவாரத்தில் 1967-ல் வனத்துறை அமைத்த உயிரியல் பூங்கா அது. 25 ஹெக்டேர். மரநிழல், புள்ளிமான், மயில், முதலை, மழை பெய்திருந்தால் அருவி. மூச்சு வாங்காமல் சுற்றி வரலாம். நம்மவரும் நடக்கத்தான் செய்கிறார். ஆனால் தலை நிமிர்வதில்லை. எதிரே வருகிறவர்களின் முகம் அவருக்குத் தேவையில்லை, கால் போதும்.

"தம்பி, கொஞ்சம் நில்லு. எவ்ளோ குடுத்த?"

"ரெண்டாயிரத்து முன்னூறுங்க."

குனிந்து, அந்தப் பையனின் ஷூவை இரண்டு விரலால் கிள்ளுகிறார். "தோல் இல்ல, பி.யூ. ஒரு மழை தாங்காது, தோசை மாதிரி உரியும். அடுத்த வாட்டி என்னக் கேட்டுட்டு வாங்கு." எங்கே, யாரென்று கேட்பது என்று பையன் விழிக்கிறான். அவனுக்கு நல்வழி காட்டிய பெரியவரின் காலில் இருப்பது ரப்பர் செருப்பு. ஐரோப்பாவுக்கு மலையேறும் ஷூ அனுப்பும் ஊர்க்காரர் காட்டுக்கு வரும் கோலம் இது!

மான் கூண்டருகே குழந்தைகள் கைதட்டுகிறார்கள். இவர் வேலியில் சாய்ந்து, ஒரு கண்ணைச் சுருக்கி, மெதுவாகச் சொல்கிறார்: "நாலரை அடி வரும்." தோல் வியாபாரத்தில் அடி என்றால் சதுர அடி. பக்கத்தில் நின்ற காவலருக்கு அது தெரியுமா? "யார அடிக்கிறது?" என்று தடியோடு கிட்டே வந்துவிட்டார். நம்மவரை நான்தான் பேசி மீட்டேன். உண்மையைச் சொன்னால், எறும்பை மிதிக்கவும் மனசு வராத ஆள் அவர். 1972 வனவிலங்குச் சட்டமும் தெரியும்; மான்தோல் பக்கம் கை நீட்டமாட்டார். கண் மட்டும் அவர் பேச்சைக் கேட்காது. "கழுத்துகிட்ட உண்ணி கடிச்ச தழும்பு கீது பாரு, செகண்ட் செலக்ஷன்தான்" என்று விலகும்போதும் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

முதலைக் குளத்தில்தான் நேரம் போயிற்று. முதலைத் தோல் வரியை இரும்புத் தகட்டில் செதுக்கி, சூடாக்கி, மாட்டுத்தோலில் அழுத்தி எடுக்கும் வேலை டேனரிகளில் உண்டு. நம்மவர் அப்படி அழுத்திய தோல்களை வாழ்நாளில் எத்தனை பார்த்திருப்பாரோ! அசலை இப்போதுதான் நிதானமாகப் பார்க்கிறார். பத்து நிமிஷம் பேச்சே இல்லை. பிறகு தீர்ப்பு வந்தது:

"கட்டம் ஒண்ணுக்கொண்ணு ஒத்து வரல தம்பி. நம்ம பிளேட்டுல இதவிட சுத்தமா வரும்."

முதலை கண்ணை மூடிக்கொண்டது.

அவர் நடையை மறந்து உட்கார்ந்த இடம் ஒன்று உண்டு, ஒரு கடுக்காய் மரத்தடி. உதிர்ந்து கிடந்த காயைப் பார்த்துத்தான் மரத்தை அடையாளம் கண்டார், இலையைப் பார்த்தல்ல. குரோம் உப்பு வந்து வேலையைச் சுருக்குவதற்கு முன்னால், ஆவாரம்பட்டைச் சாறு நிரம்பிய தொட்டியில் நாள்கணக்கில் ஊறி, கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் முங்கி எழுந்த தோல்தான் இங்கிருந்து கப்பலேறியது. "எங்கப்பா வீட்டுக்குள்ள வந்தா இந்த வாசனதான் முன்னால வரும்" என்றார். காயை மூக்கருகே வைத்துக்கொண்டே இருந்தார். டேனரிக் கழிவு கலந்த பாலாற்றுத் தண்ணீரைப் பற்றி, அது குறித்த உச்ச நீதிமன்றத்தின் 1996 தீர்ப்பைப் பற்றிக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அந்த முகத்தைப் பார்த்தபின் கேட்கத் தோன்றவில்லை. காயைப் பைக்குள் போடப் போனார். காட்டுப் பொருளை எடுக்கக் கூடாது என்று அதே காவலர் வாங்கி மரத்தடியில் போட்டுவிட்டார்.

வெளியே வந்து தேக்சாவைத் திறந்தோம். தேக்சா காலியானதும் நடந்த தூரத்தைப் போனில் பார்த்தார்: 1,140 அடி வைத்திருந்தார், காருக்குப் போய்வந்தது உட்பட. அன்றிரவு வீட்டில் அது "ஆறு கிலோமீட்டர் காடு" ஆகிவிட்டது.

அடுத்த ஞாயிறு ஏலகிரியாம். 14 கொண்டை ஊசி வளைவையும் கார் பார்த்துக்கொள்ளும், மேலே போய் லேசாக நடந்தால் போதும் என்கிறார். அந்தப் பக்கம் போகிற உத்தேசம் இருந்தால், தயவுசெய்து பழைய செருப்பையே போட்டுக்கொண்டு போங்கள்.