தானே நனைந்த நெல்

டெல்டா நெல்லுக்குக் கைகால் உண்டு. 2025 அக்டோபர் மழையில் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கொள்முதல் நிலையங்களின் வாசலில் குறுவை நெல் அதுவாகவே ‘தேங்கியது’, அதுவாகவே ‘நனைந்தது’, சும்மா இருக்கப் பிடிக்காமல் ‘முளைத்தது’. தேக்கியவர், நனையவிட்டவர் யாருமில்லை. தன்வினையை அலுவலகங்களுக்காகவே கண்டுபிடித்தார்களோ என்னவோ!

ஈரப்பதம் கொள்முதல் வரம்பான 17 சதவீதத்தைத் தாண்டினால் மட்டும் உடனே எழுவாய் கிடைத்துவிடும்: விவசாயி சரியாகக் காயவைக்கவில்லை. அடைமழையில் எங்கே காயவைப்பதாம்? தார்ச்சாலையில் கொட்டினால் ‘போக்குவரத்துக்கு இடையூறு’. வரம்பை 22 ஆக்கச் சொல்லித் தமிழக அரசு டெல்லியிடம் கேட்டது. அதற்குப் பெயர் ‘தளர்வு’. குற்றம் செய்தவனுக்குத்தானே தளர்வு?

கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று கைமாறுவதாக விவசாயிகள் புலம்புகிற காசுக்குத்தான் கெட்ட பெயரே கிடையாது. மாமூல்.