முழுப்பேர், அரைப்பேர், கைக்காசு: டென்னிஸ் சாம்பியன்களைத் தரப்படுத்துவதில் நானுஓயா மரபு

நானுஓயாவில் டென்னிஸ் கோர்ட் வைத்திருந்தவர்கள் டென்னிஸ் பற்றி வாதாடியதாகச் சான்று எதுவும் இல்லை. வாதாடுகிறவர்கள் எவரிடமும் கோர்ட் இருந்ததில்லை. இவ்விரு உண்மைகளுக்கும் உள்ள உறவு தனி ஆய்வுக்குரியது. அதை இங்கே தொடாமல் விடுகிறோம்.

நமது ஆய்வுக்களம் ரயில் நிலையத்தை ஒட்டிய ஒரு தேத்தண்ணிக் கடை. மூன்று மேசை, ஒரு நீள வாங்கு, கண்ணாடிப் பெட்டிக்குள் உழுந்து வடை, பணிஸ். பதுளைக் கோச்சி பிந்தும் நாள்களில், அதாவது கோச்சி ஓடும் எல்லா நாள்களிலும், இங்கு கூடும் அறிஞர்கள் ஆராயும் வினா ஒன்றே: டென்னிஸில் யார் பெரிய ஆள்? விவாதத்துக்குக் கால அளவு கைச்சீனி. பிளேன்டீயை வாங்கி, உள்ளங்கையில் கொட்டிய சீனியை நாக்கால் தொட்டுத் தொட்டு மிடறு மிடறாகக் குடிப்பது இப்பக்கத்து வழக்கம். சீனி தீரும்வரை பேசலாம். தீர்ந்தவர் அடுத்த பிளேன்டீ சொல்லாமல் வாய் திறந்தால் அவர் கருத்து கணக்கில் சேராது. இவ்விதியை இயற்றியவர் கடைக்கார அக்கா. விதியின் பொருளாதார நோக்கம் வெளிப்படை.

அவையோர் நால்வர். ஒருவர் ஓய்வுபெற்ற டீமேக்கர் ஐயா. இவருடைய தகப்பனார் துரை பங்களாவின் கோர்ட்டில் பந்து பொறுக்கியவர்; ஆதலால் ஐயா பரம்பரை அறிவு உடையவர் எனக் கொள்ளப்படுகிறார். அடுத்தவர், பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்த சேர். மூன்றாமவர் ஆட்டோத் தம்பி. வெள்ளைக்காரப் பயணிகளை நுவரெலியாவுக்கு ஏற்றிப் போகையில் ஃபெடரரா நடாலா என்று கேட்டு, இறங்கும்போது கூலியோடு தரவையும் சேர்த்து வாங்கிக்கொள்பவர். நான்காமவர் அக்கா. முன்பு கொழுந்து எடுத்த கை, இப்போது கடன் கொப்பி எழுதுகிறது. இறுதித் தீர்ப்பு அவருடையது. மற்ற மூவர் கணக்கும் அக்கொப்பியில் இருப்பதே காரணம்.

முதலில் பிறர் மதம் கூறி மறுப்போம்.

கிராண்ட்ஸ்லாம் பட்டம் எண்ணினால் போதும் என்பது தம்பியின் மதம். ஜோகோவிச் 24, நடால் 22, ஃபெடரர் 20, சாம்ப்ராஸ் 14. "எண்ணிப் பாத்தா முடிஞ்சிச்சு, இதுல பேச என்னா இருக்கு?" என்பார். அது பொருந்தாது. என்னை? ராய் எமர்சனுக்கு 12, ராட் லேவருக்கு 11. எண்ணிக்கை மதப்படி எமர்சனே பெரியவர். ஆனால் 1962இல் நான்கு பட்டங்களையும் ஒரே ஆண்டில் வாரிக்கொண்ட லேவர், அதன்பின் காசுக்கு ஆடப் போனார். காசு வாங்கியவனுக்கு விம்பிள்டன் முதலிய பெரிய போட்டிகளின் கதவு 1968வரை அடைத்தே இருந்தது. எமர்சன் தம் 12இல் 10ஐ எடுத்தது லேவர் வெளியே நின்ற 1963 முதல் 1967 வரையான ஐந்து ஆண்டுகளில். கதவு திறந்ததும் லேவர் உள்ளே வந்து 1969இல் மறுபடி நான்கையும் எடுத்தார். சேர் இதைச் சொல்லி முடித்தபோது தம்பியின் கையில் சீனி இருந்தும் பேசவில்லை.

முதலிடத்தில் இருந்த வாரங்களை எண்ணுவோம் என்பாரும் உளர். ஜோகோவிச் 428 வாரம். நல்லது. ஆனால் அதே எண்ணிக்கையை வைத்து 1998க்குப் போனால், ஒரு கிராண்ட்ஸ்லாம்கூட எடுக்காத சிலி நாட்டு மார்செலோ ரியோஸ் உலகின் முதலாம் ஆள். நான்கு கிராண்ட்ஸ்லாம் எடுத்த ஆர்ஜென்டினாவின் கிலெர்மோ விலாஸ் ஒரு வாரமும் முதலாம் ஆள் இல்லை. 1977இல் விலாஸ் பிரெஞ்சு, அமெரிக்கப் பட்டங்கள் உட்பட 16 போட்டிகளை வென்றார்; கணினி அந்த ஆண்டு முடிவிலும் அவரை இரண்டாவதாகவே அச்சடித்தது. பிற்பாடு அவர் நாட்டுப் பத்திரிகையாளர் ஒருவரும் ருமேனியக் கணித அறிஞர் ஒருவரும் பழைய முடிவுகளை வாரம் வாரமாகத் திரும்பக் கூட்டி, 1975, 76இல் சில வாரங்கள் விலாஸுக்குச் சேரவேண்டும் என்று நிறுவினார்கள். ஆண்கள் டென்னிஸ் சங்கம் பழைய கணக்கைத் திறக்க மாட்டோம் என்றுவிட்டது. உலகில் இந்த ஆய்வுத்துறையில் இறங்கிய பைத்தியக்காரர்கள் நாம் மட்டும் இல்லை என்று தெரிந்த அன்று சேர் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார்.

மூன்றாவது, யாரை யார் அடித்தார் என்னும் சங்கிலி மதம். இது டீமேக்கர் ஐயாவினுடையது, இலக்கணச் சுத்தமானது, ஆபத்தானது. 1959 டேவிஸ் கோப்பையில் ராமநாதன் கிருஷ்ணன் லேவரை அடித்தார். 1973 அமெரிக்க ஓபனில் விஜய் அமிர்தராஜும் லேவரை அடித்தார். 1989 ஆஸ்திரேலிய ஓபனில் ரமேஷ் கிருஷ்ணன், அப்போது உலக முதலாம் ஆளான மாட்ஸ் விலாண்டரை அடித்தார். ஆகவே உலகின் மிகப்பெரிய மூன்று ஆட்டக்காரரும் மெட்ராஸ்காரர்கள் என்பது பெறப்படும். இதைத் தம்பி ஒரே வரியில் கவிழ்த்தார்: 2001 விம்பிள்டனில் ஃபெடரர் சாம்ப்ராஸை அடித்தார்; 2013இல் அதே விம்பிள்டனில் 116ஆம் இடத்துக்காரரான ஸ்டகோவ்ஸ்கி ஃபெடரரை அடித்தார். ஸ்டகோவ்ஸ்கிக்குச் சிலை வைப்போமா, ஐயா? ஐயா பிளேன்டீ சொன்னார்.

இங்கே ஒரு கிளை ஆய்வு. அவையோரின் விருப்பங்கள் எங்கிருந்து வருகின்றன? இவ்வாய்வாளரின் துணிபு: தொலைக்காட்சிப் பெட்டி எப்போது வந்தது என்பதிலிருந்து. ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் தொடங்கியது. பியோன் போர்க்கின் கடைசி விம்பிள்டன் இறுதி ஆட்டம் 1981. ஆகவே தொடர்ந்து ஐந்து முறை விம்பிள்டனை வென்ற போர்க்கை ஐயா பார்த்ததே இல்லை. கோச்சியில் வரும் பேப்பரில் படித்தார். பேப்பரில் போர்க் பந்தை வலையில் அடித்ததில்லை. 1985இல் 17 வயதில் வென்ற பெக்கர் முதல் எல்லோரும் பெட்டிக்குள் விழுந்து புரண்டு பந்தை வெளியே அடித்ததை ஐயா கண்ணால் கண்டிருக்கிறார். காணாத சாம்பியனுக்குக் குறை இல்லை. சாம்பியன்களைப் பற்றிய உலக இலக்கியத்தில் பாதிக்கு இதுவே அடிப்படை என்பது என் எண்ணம். மறுப்பவர் ஐயாவிடம் போர்க்கைப் பற்றிக் கேட்டுப் பார்க்கலாம்.

இனி நானுஓயா மதம். இதன் ஆசிரியர் கடைக்கார அக்கா.

தோட்டத்தில் குறித்த கிலோ கொழுந்து எடுத்தால் அன்றைக்குச் செக்ரோலில், அதாவது தோட்டத்துக் கூலிப் புத்தகத்தில், முழுப்பேர் விழும். கிலோ குறைந்தால் அரைப்பேர். ஞாயிற்றுக்கிழமை, லீவு நாளில் எடுத்தால் கைக்காசு. காசு கைக்கு வரும், ஆனால் நாள்கணக்கில் ஏறாது. நிறுக்கும்போது ஈரத்துக்கும் சாக்குக்கும் கழிவு உண்டு. எத்தனை நாள் மலைக்குப் போனாய் என்பதல்ல கேள்வி; எந்தக் கிலோவுக்கு எந்தப் பேர் விழுந்தது, அதை எழுதியவர் யார் என்பதே. இந்த அளவுகோலைப் பட்டங்களின்மேல் வைத்ததும் பல மர்மங்கள் தெளிந்தன.

ரயில் பாதை நானுஓயாவை எட்டிய 1885ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு வில்லியம் ரென்ஷா தொடர்ந்து ஐந்தாம் முறையாக விம்பிள்டனை வென்றார். மொத்தம் ஏழு, சாம்ப்ராஸுக்குச் சமம். ஆனால் அக்காலத்தில் பழைய சாம்பியன் போட்டி முழுவதும் சும்மா இருப்பார். மற்றவர்கள் அடித்துப் பிடித்து மேலே வந்த பிறகு, மிஞ்சிய ஒருவனோடு மட்டும் ஆடுவார். 1921வரை இதுதான் விதி. "அப்ப நாங்க எல்லாம் மலை ஏறி எடுத்துக்கிட்டு வரணும், அவரு நிறுக்கிற எடத்துல வந்து நிப்பாரா?" என்றார் அக்கா. ரென்ஷாவின் 1881க்கு முழுப்பேர். அடுத்தடுத்துச் சும்மா இருந்து எடுத்தவற்றுக்கு அரைப்பேர்.

1973 விம்பிள்டனில் கருத்து வேறுபாடு கடுமை. நிக்கி பிலிச் என்ற யூகோஸ்லாவிய ஆட்டக்காரருக்கு விதித்த தடையை எதிர்த்து 81 பேர் ஆட மறுத்தார்கள். வந்தவர்களோடு ஆடி யான் கோடெஷ் வென்றார். வழியில் காலிறுதியில் பத்தொன்பது வயது விஜய் அமிர்தராஜை ஐந்தாவது செட்டில் 7-5 என்று தட்டுத் தடுமாறித் தாண்டினார். ஸ்ட்ரைக் நாளில் வேலைக்குப் போனவருக்குப் பேர் போடுவதே தப்பு என்றார் ஐயா. அப்படியானால் விஜயும்தானே போனார் என்றார் தம்பி. ஐயா நீண்ட நேரம் வடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரச்சினை ஒத்திவைக்கப்பட்டது.

கைக்காசுப் பிரிவில் முதன்மையானவர் பாஞ்சோ கோன்சாலஸ். 1948, 49இல் அமெரிக்கப் பட்டம் எடுத்துவிட்டுக் காசு ஆட்டத்துக்குப் போனவர். 1950களில் அந்த வட்டத்துக்குள் இவரை அசைக்க ஆள் இல்லை. பெரிய புத்தகத்தில் அவருக்கு இரண்டே பேர். மீதி அத்தனையும் கைக்காசு. தரவரிசைப் பட்டியல் போடுகிறவர்கள் கோன்சாலஸை எங்கே வைப்பது என்று இன்றும் தலையைச் சொறிகிறார்கள். கைக்காசுக் கொழுந்தும் அதே ஸ்டோருக்குத்தான் போகிறது, அதே தேயிலைதான் ஆகிறது என்ற அக்காவின் வாதத்துக்கு எதிர்வாதம் இன்னும் வரவில்லை.

கழிவு பற்றி ஒரு வரி. ஃபெடரரின் 2009 பிரெஞ்சுப் பட்டத்தில் நடாலைச் சோடர்லிங் முன்னமே வெளியேற்றிய ஈரத்துக்காக ஒரு கிலோ கழிக்கப்பட்டது. தம்பி இதற்கு எதிராக இரண்டு பிளேன்டீ குடித்தார்.

ராமநாதன் கிருஷ்ணனுக்கு வருவோம். இங்கே ஆய்வு நடுநிலை இழக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நேர்மை. கிருஷ்ணனின் தகப்பனார் தென்காசிக்காரர். டீமேக்கர் ஐயாவின் பாட்டனாரும் அந்தப் பக்கத்திலிருந்து மண்டபம் முகாம் வழியாக வந்தவர். 1954இல் விம்பிள்டன் சிறுவர் பட்டம் வென்ற முதல் ஆசியர் கிருஷ்ணன். 1960, 61 இரு ஆண்டுகளும் அரையிறுதி. தோற்றது முறையே நீல் ஃப்ரேசரிடம், லேவரிடம், அதாவது அந்தந்த ஆண்டுச் சாம்பியனிடம். 61இல் காலிறுதியில் எமர்சனை நேர் செட்களில் அனுப்பினார். அவர் உலகில் எத்தனையாவது? லண்டன் டெய்லி டெலிகிராஃபின் லான்ஸ் டிங்கே ஆறாம் இடம் கொடுத்தார். மூன்றாம் இடம் என்று எழுதுவோரும் பலர். 1973 ஆகஸ்டில் கணினி வரும்வரை தரவரிசை என்பது பத்திரிகைக்காரர் பேனாவில் இருந்தது. ஆறையும் மூன்றையும் கூட்டி இரண்டால் வகுத்து நாலரை என்றார் சேர். வேறு இடமாக இருந்தால் சிரித்திருப்பார்கள். அரைப்பேர் தெரிந்த ஊரில் நாலரையாம் இடம் மிகவும் இயல்பாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

1962 விம்பிள்டனில் நான்காம் நிலை கொடுக்கப்பட்டும் கணுக்கால் காயத்தால் கிருஷ்ணன் பாதியில் விலகினார். மலையில் வழுக்கி விழுந்தவருக்கு அன்றைய பேரை வெட்டக்கூடாது என்பது அவையின் ஒருமித்த கொள்கை. ஆனால் அவருக்கு உண்மையான பெருமை, காசு ஆட்டம் நடத்திய ஜாக் கிரேமர் மூன்று ஆண்டுக்கு 1,50,000 டாலர் நீட்டியும் கைக்காசுக்குப் போகாததுதான் என்பார் ஐயா. எனக்கு இதில் சம்மதம் இல்லை. போயிருந்தால் கோன்சாலஸோடு ஆடியிருப்பார். எத்தனையாவது என்ற கேள்விக்கு அங்கே பேனா இல்லாமலே விடை கிடைத்திருக்கும். இதைக் கடையில் சொல்லும் துணிவு எனக்கு இல்லாததால் இங்கே எழுதுகிறேன்.

பெண்கள் பட்டியலில் அக்கா ஆராய்ந்தது ஒரே ஒரு வழக்கு. ஆஸ்திரேலியப் பூர்வகுடிப் பெண்ணான ஈவான் கூலகாங் 1976இல் இரண்டு வாரம் உலக முதலிடத்தில் இருந்தார். அது அவருக்கும் தெரியாது, எவருக்கும் தெரியாது. அந்நாளைக் கணக்கில் சில முடிவுகள் விடுபட்டுப்போயின. பிறகு யாரோ பழைய கடதாசிகளைத் துழாவியபோது வெளிவந்து, 2007இல் பெண்கள் டென்னிஸ் சங்கம் அதை ஏற்றது. இடையில் 31 ஆண்டு. சேர் இதை வாசித்துக் காட்டியபோது அக்கா தேத்தண்ணி ஆற்றுவதை நிறுத்திவிட்டார். அவர் பெயர் தோட்டத்துப் புத்தகத்தில் ஓர் எழுத்து மாறி விழுந்து, பிந்திய காசு கைக்கு வர ஒன்பது வருஷம் அலைந்தவர். "வட்டி குடுத்தாங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்றார் சேர். உடனே தீர்ப்பு: கூலகாங்குக்கு இரண்டு வாரத்துக்கு 12 முழுப்பேர், இடையில் வரும் இரண்டு ஞாயிறுக்கும் கைக்காசு, அதன்மேல் வட்டி. விலாஸ் வழக்கையும் இதே தீர்ப்பின் கீழ் கொண்டுவரலாமா என்று சேர் கேட்டார். அந்த ஆள் மனுப் போட்டாரா என்று பார்த்துச் சொல்லச் சொன்னார் அக்கா.

எஞ்சியிருப்பது 1974 டேவிஸ் கோப்பை. விஜயும் அண்ணன் ஆனந்தும் ஆடிய இந்திய அணி ஆஸ்திரேலியாவையும் சோவியத் யூனியனையும் தாண்டி இறுதிக்கு வந்தது. எதிரே தென்னாப்பிரிக்கா. இனவொதுக்கல் அரசோடு ஆடமாட்டோம் என்று இந்தியா விலகியது. ஒரு பந்தும் அடிபடாமல் கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. புத்தகத்தில் இன்றும் அப்படியே இருக்கிறது. இதில் அவையில் கருத்து வேறுபாடு எழவில்லை. இந்திய அணியின் அத்தனை பேருக்கும் முழுப்பேர். தென்னாப்பிரிக்காவுக்குப் பேரை எழுதிய கணக்கப்பிள்ளை யார் என்று விசாரிக்கவேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. அப்படியே, ஸ்ட்ரைக்கில் நிற்பதற்கு முழுப்பேர் என்றால், முந்திய ஆண்டு விம்பிள்டனுக்குப் போன விஜயின் பேரை வெட்டுவதா என்ற ஒத்திவைத்த பிரச்சினையைத் தம்பி மறுபடி கிளப்பினார். அதைக் கேட்டதும் ஐயா, இப்பக்கத்துக் கோச்சி எதுவும் சரியான நேரத்துக்கு வராது என்று தெரிந்திருந்தும், குடையை எடுத்துக்கொண்டு பிளாட்ஃபாரத்துக்குப் போய்விட்டார். அவருடைய இரண்டு பிளேன்டீயும் வடையும் கொப்பியில் எழுதப்பட்டுள்ளன.