விறைச்ச வானும் விடியக்காலைக் கோயிலும்

வா மருமோன், சப்பாத்தைக் கழட்டிப்போட்டு இரு. ஸ்காபரோவில மைனஸ் 22 அடிச்ச காலமை உன்ர வான் ரிவேஸ் எடுக்கமாட்டன் எண்டு அடம்பிடிச்சதாம், கொம்மா போனில அழாக்குறையாச் சொன்னாள். நீ அதுக்குள்ள பத்து வீடியோ பார்த்து, ரான்ஸ்மிசனுக்கு ஊத்திற மந்திரத் தண்ணியும் ஒரு போத்தில் வாங்கியாச்சாம். கெட்டிக்காரன்! என்ன காய்ச்சலெண்டு பார்க்கமுன்னம் மருந்து வாங்கின பரியாரி நீதான்.

கியரில போட்டு எத்தினை எண்ணிறதுக்குள்ள இழுத்தது? எண்ணேல்லையோ? ஓமோம், ஸ்ரியரிங்குக்குக் குத்தவே கை காணாது, விரல் மடக்க எங்க நேரம்.

குளியலறைக்குள்ள மாமியின்ர தேங்காயெண்ணெய்ப் போத்திலைப் பார்த்தனியே, கல்லு மாதிரி நிக்குது. கியர்ப்பெட்டி ஒயில் அப்பிடிக் கட்டியாகாது, ஆனா தடிச்சுப்போம். ஒட்டோமற்றிக்கில அந்த ஒயிலின்ர அமுக்கம்தான் கிளச்சைப் பிடிக்க வைக்கிறது. தடிச்ச ஒயிலைப் பம்ப் உறிஞ்சித் தள்ள நேரமெடுக்கும். ஒயில் குறைஞ்சிருந்தாலோ, பில்டர் அடைச்சிருந்தாலோ இன்னும் சுணங்கும். அதுக்கு மேல, 3,10,000 கிலோமீற்றர் ஓடின வானுக்குள்ள இருக்கிற றப்பர் சீல் என்ர முழங்கால் மாதிரித்தான், விறைச்சா மடங்காது. அமுக்கம் ஓரத்தால கசியும். சூடு ஏற றப்பர் இளகி இறுக்கிப் பிடிக்கும். பத்து நிமிசத்தால வான் நல்ல பிள்ளையாகிறது உன்ர தூசணத்துக்குப் பயந்தில்லை.

சிரிக்கிறாய், இந்தக் கிழவனுக்கு என்ன தெரியும் எண்டு. தொண்ணூறுகளில யாழ்ப்பாணத்தில பொருளாதாரத் தடை. பெற்றோலைத் துளித்துளியாக் காட்டி ஸ்ராட் எடுத்து, பிறகு மண்ணெண்ணெயில ஏ40 கார் ஓட்டினனாங்கள். ஸ்கானர் எங்க இருந்தது? மூக்குத்தான். நீயும் மூக்கைப் பாவி. ஒயிலைக் கடதாசியில தொட்டுப் பார். சிவப்பெண்டால் ஆறுதல். கறுத்து, கருகின மணம் வந்தா கிளச் தேயுது. அளவைப் பார்க்கிறதெண்டா, கனக்க வண்டியளுக்கு ஒயில் சூடாகினபிறகு, சமதரையில, எஞ்சின் ஓடேக்க. சிலதுக்கு நிப்பாட்டிப்போட்டு. சிலதில பார்க்கிற கம்பியே இல்லை! டாஷ்போட் பெட்டிக்குள்ள பிளாஸ்ரிக்கும் கிழிக்காமல் கிடக்கே ஒரு கைப்புத்தகம், அதைத் திற.

முதல் கொஞ்சத் தூரம் எஞ்சின் உறுமுறதை நோயெண்டு நினையாதை. ஒயில் சூடாகுமட்டும் மேல் கியருக்குப் போகாமல் பிடிச்சு வைக்கச் சொல்லிக் கம்ப்யூட்டருக்கே கட்டளை இருக்கும். செக் எஞ்சின் லைற் எரிஞ்சா மட்டும் கோட் வாசி. பி0700 எண்டு வந்தா அது கதவுமணி. வாசலில ஆர் நிக்கினம் எண்டதைப் பக்கத்தில கிடக்கிற மற்றக் கோட்தான் சொல்லும். பற்றரியையும் சோதி, கறண்ட் காணாட்டில் அந்தக் கம்ப்யூட்டர் பேய்க்கூத்தாடும்.

சூடாகினபிறகும் வழுக்கினால், அப்ப கராச்சுக்குப் போ, காசோட போ. குளிரில மட்டும் சுணங்கினால் சரியான ஒயிலை வடிச்சு மாத்து. ஒருக்கா வடிச்சாப் பாதியும் வராது, மிச்சம் ரோர்க் கொன்வேட்டருக்குள்ள ஒளிச்சிருக்கும். கொஞ்சம் ஓடிப்போட்டுத் திரும்ப வடி. மெஷின் வைச்சு ஒரேயடியாக் கழுவுவம் எண்டு ஆரும் சொன்னா, எனக்கெண்டால் இந்த வயசு வானில விருப்பமில்லை. டிறைவ்வேயில அரைமணித்தியாலம் உறுமவிட்டாலும் கியர்ப்பெட்டி வடிவாச் சூடாகாது. ஒரு நிமிசம் பொறுத்து, மெல்ல ஓட்டு. சினோவுக்குள்ள புதைஞ்சா டிறைவும் ரிவேசுமா மாத்தி மாத்தி ஆட்டாதை.

போத்தில் இன்னும் உடைக்கேல்லைத்தானே? ரசீதைத் தேடு.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. வான் இரவு முழுக்க விறைச்சு நிக்கட்டும், விடிய ஆறு மணிக்கு நானே வந்திருந்து எண்ணிறன். ஓட்டிப் பார்க்கவும் ஒரு தூரம் வேணுமே, முருகன் கோயிலடி அளவாயிருக்கும். மாமியும் சோதனைக்கு வாறாவாம், அருச்சனைத் தட்டோட.