'வராது' என்று இங்கிலீஷில் எழுதுவது எப்படி?

ராயபுரத்திலிருந்தோ திருவொற்றியூரிலிருந்தோ பஸ் பிடித்து, ராஜாஜி சாலை கிளியரிங் ஆபிசில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே! கப்பலைக் கொண்டுவருவது உங்கள் வேலை அல்ல. கப்பல் வராது, பெட்டி இறங்காது, டிரெய்லர் துறைமுகத்து ஜீரோ கேட்டைத் தாண்டாது என்று கஸ்டமருக்கு இங்கிலீஷில் மெயில் போடுவதுதான் வேலை. தமிழில் 'வராதுபா' என்றால் டிரைவர் டீ குடிக்கப் போய்விடுவார். இங்கிலீஷில் எழுதினால் கஸ்டமர் அதை பிரின்ட் எடுத்து வக்கீலிடம் காட்டுவார். அதனால் வினையடை விஷயத்தில் ஜாக்கிரதை.

முதலில் 'ப்ராபப்லி'. கப்பல் வரும் என்றால் அது 'வில்'லுக்குப் பின்னால் நிற்கும்: 'வில் ப்ராபப்லி பெர்த் டுமாரோ'. வராது என்றால் 'வோன்ட்'டுக்கு முன்னால் ஓடிவந்துவிடும்: 'ப்ராபப்லி வோன்ட் பெர்த் டுமாரோ'. மாற்றி 'வோன்ட் ப்ராபப்லி' என்று எழுதினாலும் புரியும்; உங்கள் மானம் மட்டும் போகும். 'வோன்ட்'டைப் பிரித்தால் நடுவில் இடம் கிடைக்கும்: 'வில் ப்ராபப்லி நாட்'. லெட்டர்பேடில் இதுதான் கம்பீரம்.

அடுத்தது 'டெஃபினிட்லி'. உங்கள் சம்பளமே இதில்தான் இருக்கிறது. 'டெஃபினிட்லி வோன்ட் அரைவ்' என்றால் நிச்சயமாக வராது. 'வோன்ட் டெஃபினிட்லி அரைவ்' என்றால் வருவது நிச்சயமில்லை, அதாவது வந்தாலும் வரலாம். அவசரத்தில் படிக்கிற கஸ்டமர் முதல் அர்த்தத்தை எடுத்துக்கொண்டு டிரெய்லரை கேன்சல் செய்வார். மறுநாள் கப்பல் வந்து நிற்கும், பெட்டி இறங்கும், தாமதக் கட்டணமான டெமரேஜ் ஏறும். அவர் போனில் கத்தும்போது, சொற்கள் நிற்கும் வரிசையைப் பணிவோடு சுட்டிக்காட்டுங்கள். எந்தச் சொல்லையும் மறைக்கவில்லையே, இடம் மாற்றித்தானே வைத்தீர்கள்?

'நெவர்' வந்தால் நம் கை தானாகத் தடுமாறும். 'ஒருபோதும்' போட்டால் தமிழில் 'வராது'வும் போட்டாக வேண்டும். அந்தப் பழக்கத்தில் 'வில் நெவர் நாட் கம்' என்று எழுதிவிட்டால், வராமல் இருக்கவே இருக்காது என்று ஆகிவிடும். எண்ணூர் விரைவுச் சாலையின் கன்டெய்னர் வரிசையைப் பற்றி எழுதியிருந்தால் திருத்த வேண்டாம், அப்படியே அனுப்பலாம்.

பதவி உயர்ந்து, கம்பெனிக்குப் பத்திரிகைக் குறிப்பு எழுதும் நாற்காலிக்குப் போனால் பாடம் கொஞ்சம் கடினம். ஆலையின் புகையோ சாம்பலோ 'ரியலி வோன்ட் ஹார்ம் யூ' என்றால் சத்தியம் செய்கிறீர்கள். 'வோன்ட் ரியலி ஹார்ம் யூ' என்றால் கெடுதல் உண்டு, ஆனால் பெரிதாக இல்லை. அதே நான்கு சொற்கள்தான். படிக்கிறவர் இருமிக்கொண்டே படிப்பதால் வித்தியாசம் தெரியாது.

காலத்தையும் கவனியுங்கள். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே 'பி.டபிள்யூ. மேப்பிள்', 'டான் காஞ்சிபுரம்' என்ற இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய் மாசு எதுவும் இல்லை என்றுதான் முதலில் அறிவிப்பு வந்தது. சில நாட்களில் எர்ணாவூர் கரையில் ஆட்கள் வரிசையாக நின்று கறுப்புக் குழம்பை வாளி வாளியாக அள்ளினார்கள். நிகழ்காலத்தில் மறுத்தால் இதுதான் ஆபத்து, வாளியோடு வந்து பொய்யாக்கிவிடுவார்கள். எதிர்காலத்தில் மறுத்திருந்தால் கொஞ்ச நாளாவது நிம்மதி.

'அகெய்ன்' பக்கம் மட்டும் தலைவைத்தும் படுக்காதீர்கள். 'வில் நாட் லீக்' என்பது உறுதிமொழி. 'வில் நாட் லீக் அகெய்ன்' என்பது ஒப்புதல் வாக்குமூலம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்தில் இறங்கி, படகையும் வலையையும் பூசிவிட்டது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு, உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து பெரியகுப்பம் ஜனங்கள் மூச்சுத்திணறி வீட்டைவிட்டு ஓடினார்கள். இப்படிப்பட்ட மாதத்தில் அறிக்கை எழுத உட்காரும் ஆளுக்கு 'அகெய்ன்' கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கவே கூடாது.

ஒரு சங்கடம் மட்டும் மிச்சம். குப்பத்துக் கூட்டத்தில் உங்களைத் தமிழில்தான் கேட்பார்கள். 'கசியாது' என்று சொல்லித் தப்பலாம்; வழக்கமாகக் கசிவதில்லை என்றும் இனிமேல் கசியாது என்றும் அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு, பழியும் குழாயின் மேலேயே நிற்கும். ஆனால் முன்வரிசையில் கூடையோடு உட்கார்ந்திருக்கும் ஆயா விடமாட்டார். "இன்னா சார், கசியாதுன்றியா, கசிய விடமாட்டோம்ன்றியா?" என்பார். 'மாட்டோம்' என்று வாயைத் திறந்தால் அந்த 'ஓம்'மில் நீங்களும் உங்கள் முதலாளியும் சேர்ந்தே மாட்டிக்கொள்வீர்கள். எந்த வினையடையும் காப்பாற்றாது. அதனால் கூட்டத்துக்குப் போகும்போது இங்கிலீஷ் அறிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். தமிழ் நகல் டைப்பாகிக்கொண்டிருக்கிறது, நாளைக்கு வந்துவிடும் என்று சொல்லுங்கள். 'ப்ராபப்லி'யை மனதுக்குள் சேர்த்துக்கொள்ளலாம்.